ஓதுவார் இடத்தை ஒலிபெருக்கிக்குக் கொடுக்காதீர்கள்

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும்,

கோபுர வாசல் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். பூஜையில் தேவாரம் பாடும் ஓதுவாரின் பணியிடத்தை நிரப்ப வேண்டிய அவசியம் தற்போது எழவில்லை, காலை மாலை பூஜை வேளைகளில் தேவாரத்தை ஒலிபெருக்கி வழியாக ஒலிபரப்பிக்கொள்ளலாம், அதற்கான கருவிகளை உபயதாரரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம் என்று குழு முடிவு செய்திருப்பதாக அந்தத் தாள் சொல்கிறது. ஆட்சேபணை இருந்தால் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று கடைசி வரியில் இருந்தது. தெரிவித்தோம். வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக்கூடப் போட்டுத் தரவில்லை. அதனால்தான் ஊரார் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கோயிலின் பெயரைப் போடவில்லை. எந்தக் கோயில் என்று உங்களுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும், அது போதும்.

நான் சைவ சித்தாந்தம் முறையாகப் படித்தவன் இல்லை. மேல வீதியில் பிறந்து, அந்தப் பிராகாரத்தில் ஓடியாடி வளர்ந்தவன். சனிக்கிழமை சாயங்காலங்களில் தெற்குப் பிராகாரத்தில் உட்கார்ந்து ஓதுவார் ஐயாவிடம் தாளம் போடக் கற்றுக்கொண்ட பிள்ளைகளில் ஒருவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

ஐயா பணியில் இருந்தவரை சாயரட்சை, அதாவது மாலைப் பூஜை, எப்படி நடந்தது என்பதை, குழுவுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்லியாக வேண்டும். அபிஷேகம் முடிந்து, அலங்காரம் முடிந்து, திரை விலகும். தீபங்கள் ஒவ்வொன்றாகக் காட்டி, கடைசியில் கற்பூரம் காட்டியதும் அர்ச்சகர் கைமணியைக் கீழே வைத்துவிட்டு மகாமண்டபத்துப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். அங்கே தூணோரம் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் உருத்திராட்சமும் கையில் தாளமுமாக ஐயா நிற்பார். 'திருச்சிற்றம்பலம்' என்று அவர் எடுத்ததும் அதுவரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர்கள் யாரும் சொல்லாமலே பேச்சை நிறுத்துவார்கள். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஐந்திலிருந்தும் ஒவ்வொரு பாட்டு. பஞ்சபுராணம் என்பது அதைத்தான். பிறகு வாழ்த்து. அதற்கு அப்புறம்தான் விபூதி. அவர் பாடி முடிக்கும்வரை அர்ச்சகர் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரமாட்டார், எவ்வளவு பெரிய மனிதர் வந்து காத்திருந்தாலும் சரி.

இதை நீங்கள் பக்தர்களுக்கான ஒரு கூடுதல் வசதி மாதிரி நினைத்துத் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள் என்பதுதான் என் முதல் வருத்தம். குடிநீர்க் குழாய், செருப்பு வைக்கும் இடம், ஒலிபெருக்கி என்ற வரிசையில் வருவதில்லை இது. அபிஷேகம் எப்படிப் பூஜையின் ஓர் அங்கமோ, நைவேத்தியம் எப்படி ஓர் அங்கமோ, அப்படி ஓதுவார் பாடுவதும் ஓர் அங்கம். ஐப்பசி அடைமழையில் கோயிலில் நானும் என் அம்மாவும் மட்டும் நின்ற சாயரட்சைகள் உண்டு. அன்றைக்கும் ஐயா ஐந்தையும் பாடினார், ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. யாருமே இல்லையே, ஒரு பாட்டோடு முடித்துக்கொண்டால் என்ன என்று நான் சின்ன வயதில் கேட்டதற்கு, "கேட்கிறவர் உள்ளேதான் இருக்கிறார், எங்கேயும் போகவில்லை" என்றார். நைவேத்தியத்தை நிறுத்திவிட்டு, சோற்றின் படம் ஒன்றைச் சந்நிதியில் மாட்டிவிடலாம் என்று யாராவது தீர்மானம் கொண்டுவந்தால் நீங்களே கோபப்படுவீர்கள். எனக்கும் அதே கோபம்தான்.

ஐயா ஓய்வு பெற்றதிலிருந்து என்ன நடக்கிறது என்று பார்ப்போம். விடிகாலையில் காவலாளி வந்து ஸ்விட்சைத் தட்டுகிறார். ஒரு பென்டிரைவ், அதில் இருக்கும் பாட்டுகள் அதே வரிசையில், வாரம் ஏழு நாளும். பாடியவர்கள் பெரிய வித்வான்கள், அவர்கள் குரலைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் பாட்டுக்கும் பூஜைக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும், வெளியே வாழ்த்துப் பாடி முடிந்திருக்கும். திரை போட்டிருக்கும்போது திருப்பல்லாண்டு போய்க்கொண்டிருக்கும். கற்பூரம் காட்டும் நேரத்தில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, மின்சார மேளத்தின் இரைச்சலைத் தவிர. நம் கோயில் பாடல் பெற்ற தலம். சம்பந்தர் நம் சுவாமியைப் பெயர் சொல்லி, நம் ஊர் வயலையும் வாய்க்காலையும் சொல்லிப் பாடிய பதிகம் ஒன்று இருக்கிறது. அந்தப் பதிகம் பென்டிரைவில் கிடையாது. ஐயா போனதிலிருந்து அது மூலவர் சந்நிதியில் ஒரு நாளும் ஒலிக்கவில்லை. இதைக் குழுவில் யாராவது கவனித்தீர்களா?

மார்கழித் திருவாதிரையன்று நடந்ததை நீங்கள் எல்லோரும் முன்வரிசையில் நின்று பார்த்தீர்கள். பென்டிரைவ் வேலை செய்யவில்லை என்று ஊழியர் ஒருவர் தன் செல்போனை ப்ளூடூத்தில் இணைத்து யூடியூபில் திருவெம்பாவையை வைத்தார். நடராஜருக்கு மகாதீபாராதனை. சனம் முழுக்கக் கையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் பாட்டு நின்று, ஆதார் இருந்தால் போதும் ஐந்தே நிமிடத்தில் கடன் என்று ஒரு பெண் குரல் நாலு பிராகாரத்துக்கும் கேட்கும்படி பேசியது. என் பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் கையைக் கீழே இறக்கிவிட்டார். அந்த ஊழியர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரை அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்க வேலைக்கு வைத்தீர்கள், அவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். ஓதுவார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு செல்போனை வைக்கும் நிலையை உண்டாக்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மின்சார மேளம் நம் கோயிலுக்குள் வந்ததும் இதே வழியில்தான். நாதஸ்வரக்காரர் உடம்புக்கு முடியாமல் நின்றபோது தற்காலிக ஏற்பாடு என்று சொல்லிக் கொண்டுவந்து வைத்தார்கள். ஓர் இரும்புச் சட்டம், மோட்டார், பெல்ட், முரசை மாற்றி மாற்றி அடிக்க இரண்டு குச்சி, பக்கத்தில் ஒரு மணி, ஒரு ஜோடி ஜால்ரா, முகப்பில் பெரிய எழுத்தில் உபயதாரர் பெயர். வோல்டேஜ் குறைந்தால் அதன் அடி தளர்ந்து இழுக்கும், கூடினால் விரட்டும். காலையில் பூபாளம் வாசித்துச் சுவாமியை எழுப்பிய இடத்தில், புறப்பாட்டுக்கு மல்லாரி வாசித்த இடத்தில், வேளை கெட்ட வேளை எதுவானாலும் அதே தடதடப்பு. திருவாரூரில் ஐந்து முகம் கொண்ட முரசான பஞ்சமுக வாத்தியத்தை இன்றைக்கும் மனிதர்தான் நின்று வாசிக்கிறார். நம்மிடம் பரம்பரையாக இருந்த மேளம் ஒரு தற்காலிக ஏற்பாட்டால் நிரந்தரமாகப் போய்விட்டது. அப்போதும் எழுதிக் கொடுத்தோம், அப்போதும் பதில் இல்லை. ஆகவே "தற்போது அவசியம் எழவில்லை" என்று நீங்கள் எழுதும்போது, இனி எப்போதும் எழாது என்றுதான் ஊர் புரிந்துகொள்கிறது.

காலியிடம் புதிதாக வந்த பிரச்சினை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜ சோழன் திருப்பதியம், அதாவது தேவாரப் பதிகம், பாடுவதற்கு ஏற்படுத்திய ஏற்பாட்டைச் சொல்லும் கல்வெட்டு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். பாடுவதற்கு 48 பிடாரர்கள், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல், அதாவது கால் கலம், கோயிலின் உள்ளூர்ப் பண்டாரத்திலிருந்து. ஐம்பது பேருக்கும் தனித்தனியாகப் பெயர் வெட்டியிருக்கிறார்கள், சதாசிவன், ஞானசிவன் என்று தீட்சைப் பெயரோடு. இதையெல்லாம் மேடையில் பேசுகிறவர்கள் நிறைய. பேசாமல் விடுவது அதற்கு அடுத்த பகுதியை. இவர்களில் ஒருவர் இறந்துபோனாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருக்கு அடுத்த உறவுமுறையார் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும், அவருக்குப் பாடும் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைப் பாடவைக்க வேண்டும், உறவே இல்லையென்றால் மற்ற ஓதுவார்கள் சேர்ந்து தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும், அவருக்கும் அதே நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், ஒரு பாடகர் இல்லாமல் போனால் அடுத்த நாள் யார் பாடுவது என்பதைக்கூட யோசித்துக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பாட்டு நிற்கக் கூடாது என்பதில் அவர்களுக்கு அவ்வளவு அக்கறை. தஞ்சைக்கும் முன்பே, பல்லவர் காலத்திலேயே, திருவல்லம் கோயில் கல்வெட்டில் திருப்பதியம் பாடுவோருக்கு நெல்லில் பங்கு ஒதுக்கியிருக்கிறது. 48 பேர் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரே ஒருவர்.

தேவாரம் முதலான எல்லாத் திருமுறையும் பதிவாகிவிட்டது, இணையத்தில் கிடக்கிறது, ஒன்றும் அழிந்துபோகாது என்று குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் நேரில் சொன்னார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். அவருக்கு இரண்டு விஷயங்களைச் சொல்ல ஆசைப்படுகிறேன். சம்பந்தருடைய திருவிடைவாய்ப் பதிகம் ஏட்டில் எங்கும் இல்லாமல் போய், 1917இல் அந்தக் கோயில் கல்வெட்டில்தான் கிடைத்தது. கல் அந்தப் பாட்டின் எழுத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது, பெரிய காரியம். ஆனால் எழுத்து கிடைத்தால் மட்டும் போதாது என்று நம் பெரியவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. தில்லையில் கறையான் அரித்ததுபோக மீந்த ஏடுகளை எடுத்த கதையைத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறதே, அதில் ஏடுகள் கைக்கு வந்தவுடன் வேலை முடிந்துவிடவில்லை. பண், அதாவது பாட வேண்டிய ராகம், தெரியவில்லை. சோழ மன்னனும் திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியும் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போய், திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, அவரைப் பாடச் சொல்லித்தான் பண் அடைவு அமைத்தார்கள் என்கிறது புராணம். ராஜ்ஜியத்தையே கையில் வைத்திருந்தவன் ஒரு பாடகியைத் தேடிப் போனான்.

அந்தப் பண் சமாச்சாரம் எவ்வளவு நுட்பமானது என்பது எதிரே உட்கார்ந்து கற்றுக்கொண்டவர்களுக்குத் தெரியும். காலையில் புறநீர்மை, இன்றைய ராகத்தில் பூபாளம். அர்த்தஜாமத்தில் சுவாமி பள்ளியறைக்குப் போகும்போது மேகராகக்குறிஞ்சி, அதுதான் நீலாம்பரி. பகல் பண், இரவுப் பண், எந்த நேரத்துக்கும் ஆகிற பொதுப் பண் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். கொடியேற்றத்தன்று நவசந்தியில் ஒவ்வொரு திக்குக்கும் ஒரு பண் உண்டு. எந்த நேரம், என்ன விசேஷம், அர்ச்சகர் எந்த இடத்தில் இருக்கிறார், அபிஷேகம் தாமதமாகிறதா என்று பார்த்து ஓதுவார் பாட்டை நீட்டுவார், குறுக்குவார். ஐயா எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒரு வரியை எடுத்துப் பாடிவிட்டு நிறுத்துவார், நாங்கள் பாட வேண்டும். தவறு செய்தால் திட்டமாட்டார், தொடையில் தட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். வாய் எவ்வளவு திறக்க வேண்டும், மூச்சை எங்கே எடுக்க வேண்டும், எந்தச் சொல்லை உடைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குப் பிடிபட்டது. பென்டிரைவிடம் எந்தப் பிள்ளை போய் உட்காரும்?

பணம் இல்லை என்கிறீர்கள். ஒலிபெருக்கிக்கு உபயதாரர் கிடைக்கிறார், டைல்ஸ் பதிக்க உபயதாரர் கிடைக்கிறார். நம் கோயிலில் அர்த்தஜாமக் கட்டளை இருக்கிறது, பிரதோஷக் கட்டளை இருக்கிறது, அந்தக் காலத்து மனிதர்கள் நிலத்தை எழுதிவைத்துவிட்டுப் போனதால் அவை இன்றும் நடக்கின்றன. அதுபோலத் தேவாரக் கட்டளை என்று ஒன்றை ஆரம்பித்து, வைப்புநிதியில் போட்டு, அதன் வட்டியை ஓதுவார் சம்பளத்தோடு சேர்க்கலாமே. ஊரில் கேட்டுப் பாருங்கள். முதல் ஆளாக நான் தருகிறேன், வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் தரத் தயாராக இருக்கிறார்கள். கீழ வீதியில் கோயில் கடைகளின் வாடகைப் பாக்கியை ஒழுங்காக வசூலித்தாலே இந்தப் பேச்சுக்கு இடமிருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். எங்கே தேடினீர்கள்? விண்ணப்பம் கோரிய தாள் வசந்த மண்டபத்துச் சுவரில், செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்ததை நானே பார்த்தேன். மதுரையிலும் பழனியிலும் ஓதுவார் பயிற்சிப் பள்ளிகள் நடக்கின்றன. பல மாவட்டங்களில் உள்ள அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரம், தவில் மாதிரி தேவாரமும் ஒரு பாடம். படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வேறு தொழிலுக்குப் போன பிள்ளைகளை எனக்கே தெரியும். ஐயாவிடம் எங்களுக்குப் பிறகு படித்தவர்களில் ஒரு பெண் முறையாகத் தேவாரம் முடித்துவிட்டு இப்போது ஜவுளிக் கடையில் பில் போடுகிறாள். பெண்ணா என்று யோசிக்க வேண்டியதில்லை. 2021இல் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஓர் இளம்பெண் ஓதுவாராக நியமிக்கப்பட்டார். யாழ்ப்பாணர் மரபுப் பெண் அமைத்துக் கொடுத்த பண்ணை ஒரு பெண் பாடக் கூடாது என்று யார் சொல்ல முடியும்?

வருகிற ஆளுக்கு என்ன கொடுக்கிறோம் என்பதும் இருக்கிறது. ஐயா வாங்கிய சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாமல் பக்கத்து ஊர்களில் தேவார வகுப்பு எடுத்துத்தான் மகளைக் கரையேற்றினார். மடவிளாகத்தில் அவர் குடியிருந்த ஓதுவார் வீட்டில் இப்போது எண்ணெய் டின்னும் பழைய பந்தல் துணியும் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். வீடும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால் எந்த இளைஞன் மனைவி பிள்ளையோடு இந்த ஊருக்கு வருவான்?

சட்டப்படியும் நீங்கள் யோசிக்க வேண்டும். 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 28ஆம் பிரிவில், அறங்காவலர் கோயிலின் வழக்கத்துக்கு உட்பட்டுத்தான் நிர்வாகம் செய்ய வேண்டும், அதன் நிதியைச் செலவிட வேண்டும் என்கிறது. நம் கோயிலில் ஓதுவார் பாடாமல் விபூதி கொடுத்த வழக்கம் என் தாத்தா காலத்திலும் இல்லை. அந்த வழக்கத்தைக் காப்பாற்றத்தான் உங்களை நியமித்திருக்கிறார்கள். அதை ஒரு மாலைக் கூட்டத்தில் மாற்றும் அதிகாரத்தை உங்களுக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஆகவே உங்களிடம் நாங்கள் கேட்பது இவை.

ஒலிபரப்புத் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்யுங்கள். ஓதுவார் பணியிடத்துக்கு நாளிதழில் முறையாக விளம்பரம் கொடுங்கள், பயிற்சிப் பள்ளிகளுக்கும் மாவட்ட இசைப் பள்ளிக்கும் நேரடியாகக் கடிதம் அனுப்புங்கள். ஓதுவார் வீட்டைக் காலி செய்து, வெள்ளையடித்து, வருகிறவருக்குக் கொடுங்கள். தேவாரக் கட்டளைக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, வரவு செலவைப் பலகையில் போடுங்கள். நியமனம் ஆகும்வரை, ஐயாவிடம் படித்தவர்கள் சாயரட்சையில் முறைவைத்துப் பஞ்சபுராணம் பாட எழுத்து மூலம் அனுமதி கொடுங்கள், எங்களுக்குச் சம்பளம் வேண்டாம், நின்று பாட அந்தத் தூணோரம் போதும். அப்படிப் பாடும் நேரத்தில் ஸ்பீக்கரையும் மின்சார மேளத்தையும் நிறுத்திவையுங்கள். வருகிற ஓதுவார் வாரத்துக்கு ஒரு நாளாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதைப் பணி விதியிலேயே சேருங்கள். நாதஸ்வர, தவில் பணியிடங்கள் ஏன் இன்னும் காலியாக இருக்கின்றன என்பதற்கும் விளக்கம் வேண்டும்.

அடுத்த பிரதோஷத்துக்குள் எழுத்து மூலம் பதில் கொடுங்கள். தீர்மானத்தை ஒட்டிய அதே பலகையில் அந்தப் பதிலையும் ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் இதே கோரிக்கைகளை ஊரார் கையெழுத்தோடு அறநிலையத் துறை ஆணையரிடம் கொண்டுபோவோம்.

இப்படிக்கு,
மேல வீதியிலிருந்து,
ஓதுவார் ஐயாவிடம் படித்தவர்களில் ஒருவன்